சபை நடுவே ஒரு கேள்வி: மனித உரிமைக்காக ஒருவரின் கதையைச் சொல்வது எப்படி?

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் சித்திரை, வைகாசி வந்துவிட்டால் ஏதாவது ஒரு ஊரில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து. துகில் உரிதல் அன்றைக்குக் கூட்டம் அதிகம். பாஞ்சாலி வேஷக்காரரைச் சபைக்கு இழுத்து வரும்போது பெண்கள் அழுவார்கள், யாராவது கற்பூரம் கொளுத்துவார்கள். அந்த அழுகைக்கு அப்புறம் ஒரு இடம் வரும். பாஞ்சாலி கேட்பாள்: என் புருஷன் முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தன்னையே தோற்று அடிமையாகிப்போன மனுஷனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன பாத்தியதை இருக்கிறது? சபையில் பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். பீஷ்மர் வேஷம் கட்டியவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார்.

செங்கல் சூளையிலும் ரைஸ் மில்லிலும் அட்வான்ஸ் வாங்கி மாட்டிக்கொண்ட குடும்பங்களின் கதைகளைச் சில வருடங்களாகக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடும். அழவைப்பது சுலபம். அழுதவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். பதில் சொல்ல வேண்டிய ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாதபடி ஒரு கேள்வியை வைக்கிற கதைதான் எதையாவது நகர்த்துகிறது. அப்படி ஒரு கதையைக் கேட்பது, சரிபார்ப்பது, எழுதுவது, கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் எப்படி என்று எனக்குத் தெரிந்தவரை இங்கே எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இப்போது நான்கு மாவட்டமாகப் பிரிந்து கிடக்கும் பழைய வட ஆற்காட்டை மனதில் வைத்து எழுதுவது இது. ஆனாலும் வேறு ஊர்க்காரர்களுக்கும் பயன்படும்.

கதையால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு

1979-ல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருடக்கணக்காக அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றி ஒரு நாளிதழில் கட்டுரைகள் வந்தன. அதை வைத்து உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்குதான் ஹுசைனாரா காட்டூன் வழக்கு. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் சொன்னது அதில்தான். ஹரியானாவில் பரீதாபாத் கல் குவாரிகளில் கொத்தடிமைகளாக இருந்தவர்களைப் பற்றி ஒரு அமைப்பு நீதிபதிக்கு எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1983 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு கடிதம், அவ்வளவுதான். ஆனால் பார்த்ததை, எண்ணியதை, யார் எங்கே எப்படி இருக்கிறார்கள் என்பதைச் சொன்ன கடிதம்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். பாலாற்றில் தோல் கழிவு கலப்பதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட மனு மீது 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றி நின்றதற்கு முக்கியமான தீர்ப்புகளில் அது ஒன்று, சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் 'வேலூர் வழக்கு' என்றே பாடம் நடத்துகிறார்கள். கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதை விவசாயிகள் சொன்னார்கள். அதோடு, தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்ற ஆய்வுக் கணக்கும் சேர்ந்து போனது. வாயால் சொன்னதும் அளந்து எடுத்ததும் ஒன்றாகச் சேர்ந்தபோது மறுக்க முடியவில்லை. இத்தனைக்குப் பிறகும் 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீட்டுக்காக உத்தரவு போட வேண்டியிருந்தது. ஒரு தடவை சொல்லி முடித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், இந்த வேலை அப்படிப்பட்டதில்லை.

முதலில் ஆள் பத்திரம், அப்புறம்தான் கதை

யாருடைய கதையை எழுதப்போகிறீர்களோ அவர் இன்னும் அந்தச் சூளைக்குள்ளேயோ மில்லுக்குள்ளேயோ இருக்கிறார் என்றால் எழுதவே எழுதாதீர்கள். பேஸ்புக்கில் ஒரு வரி கூட வேண்டாம். ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தை வேறு மாவட்டத்துக்கு, சில சமயம் ஆந்திரா பக்கம், வண்டி ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அப்போது உங்கள் முதல் வேலை, சத்தமில்லாமல் சார் ஆட்சியருக்கோ வருவாய்க் கோட்டாட்சியருக்கோ (ஆர்.டி.ஓ.) கலெக்டருக்கோ தகவல் போய்ச் சேர வைப்பது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ன்படி விசாரித்து விடுவிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது. குழந்தைகள் என்றால் 1098 ஹெல்ப்லைன். இதெல்லாம் நடந்து, அவர்கள் வெளியே வந்து, விடுதலைச் சான்று கையில் வாங்கிய பிறகு நீங்கள் நோட்டை எடுக்கலாம்.

ஆரம்பத்தில் எனக்கு இது புரியவில்லை. ஒரு குடும்பத்தைப் பற்றி ஊர்ப் பெயரோடு, குழந்தைகள் எத்தனை என்பதோடு எழுதிப் போட்டுவிட்டேன். பெயரை மட்டும் மாற்றியிருந்தேன், அது போதும் என்று நினைத்தேன். இரண்டே நாளில் அந்த ஊரில் எல்லோருக்கும் யாரைப் பற்றி என்று தெரிந்துவிட்டது. அந்த அண்ணன் போனில், "நீ நல்லதுக்குத்தான் எழுதினே, ஆனா நாங்கதான இங்க கீறோம்" என்று மட்டும் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதை உடனே எடுத்துவிட்டேன், ஆனால் அதற்குள் அது எத்தனை போனுக்குப் போயிருந்ததோ.

சரி, சம்மதம் எப்படி வாங்குவது? படிவத்தை நீட்டி ரேகை வைக்கச் சொல்லாதீர்கள். இந்தக் குடும்பங்களில் பலர் வெற்றுப் பேப்பரில் ரேகை வைத்துத்தான் மாட்டியிருக்கிறார்கள், ஸ்டாம்ப் பேடைப் பார்த்தாலே முகம் மாறிவிடும். அதற்குப் பதில், பேசிப் பதிவு செய்யுங்கள்: எதற்காகக் கேட்கிறேன், எங்கே வெளிவரும், யார் படிப்பார்கள், படித்தால் என்ன ஆபத்து வரலாம். ஒரே நாளில் கேட்டு முடிக்கவும் வேண்டாம். பேச ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, எழுதி வாசித்துக் காட்டும்போது ஒரு தடவை, வெளியே போகும் முன் ஒரு தடவை. மூன்றாவது தடவை "வேணாம்பா" என்று சொன்னால் வேண்டாம்தான். நீங்கள் பத்து நாள் உழைத்திருந்தாலும் அப்படித்தான். இதை எழுதினால் வீடு கிடைக்கும், பட்டா கிடைக்கும் என்று வாக்குக் கொடுப்பது பெரிய துரோகம், அதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

கூத்தில் கட்டியக்காரன் வருவான். ராஜா யார், இது எந்த சபை, இப்போது என்ன நடக்கப்போகிறது என்று ஜனங்களுக்குச் சொல்லிவிட்டு ஓரமாக நிற்பான். நம் இடம் அதுதான். வேஷம் கட்டி நடுவில் நிற்பவர் அவர்.

உட்கார்ந்து கேட்பது

இதில்தான் அதிக நேரம் போக வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத்தான் அவசரமாக முடித்துவிடுகிறார்கள்.

பகலில் போகாதீர்கள், கூலி போய்விடும். ராத்திரி சோறு ஆக்கி முடித்த பிறகு, ஏழரை எட்டு மணிக்குப் போங்கள். நாற்காலி போட்டால் வேண்டாம் என்று சொல்லிப் பாயில் உட்காருங்கள். ஊர்ப் பெரியவர், மேஸ்திரி, கட்சிக்காரர் யாராவது கூடவே வந்து உட்கார்ந்தால் அன்றைக்குக் கதை கேட்காதீர்கள், மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், முடிந்தால் ஒரு பெண்ணே கேட்கட்டும். ஆண்கள் அட்வான்ஸ் எவ்வளவு என்று சொல்வார்கள், பெண்கள் அது எதற்காக வாங்கியது என்று சொல்வார்கள். இரண்டும் வேண்டும்.

"எவ்ளோ கஷ்டப்பட்டீங்க?" என்று கேட்டால் "ரொம்ப கஷ்டம்பா" என்றுதான் பதில் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. ஒரு நாளைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு. யார் எழுப்பினது? எழுந்ததும் முதல் வேலை என்ன? மண் மிதிக்கிறது. அப்போ குழந்தை எங்கே இருந்தது? இப்படிப் போனால் ஒரு நாள் முழுசாகக் கண் முன்னால் வந்துவிடும். அந்த ஒரு நாளுக்குள்ளேயே சட்டம் தேடுகிற விஷயம் எல்லாம் இருக்கும்.

சட்டம் என்ன தேடுகிறது? முன்பணமோ கடனோ வாங்கியிருக்கிறார்கள், அதனால் வெளியே போய்வர முடியவில்லை, வேறு வேலைக்கு மாற முடியவில்லை, அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை, அல்லது தாங்கள் செய்ததைச் சந்தை விலைக்கு விற்க முடியவில்லை. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கொத்தடிமை முறைதான். சங்கிலி கட்டியிருக்க வேண்டும் என்று இல்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியல் சட்டப் பிரிவு 23 தடுக்கிற கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே, ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், சொல்லிவிட்டது. ஆனால் "உங்களுக்கு நடமாட்டச் சுதந்திரம் இருந்ததா" என்று யாரிடமும் கேட்க முடியாது. ஊரில் சாவு விழுந்தபோது போக விட்டார்களா என்று கேளுங்கள். சாவும் திருவிழாவும்தான் நம்ம ஜனங்கள் எந்த நிலையிலும் ஊருக்குப் போக நினைக்கும் நேரங்கள்.

ஒரு அக்காவிடம் இதைத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கம்மா செத்த சேதி வந்துச்சி. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க, பையன் இங்கயே இருக்கட்டும்னாரு. பால் ஊத்தற வரைக்கும்கூட இருக்கல, மறுநாளே ஓடியாந்துட்டேன்." முதல் தடவை இதை நான் ஒரு தாயின் துயரமாக எழுதினேன். படித்துப் பார்த்த வக்கீல் ஒருவர், பென்சிலால் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு, "பையனை எதுக்கு வெச்சிக்கினாங்க?" என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அப்போதுதான் உறைத்தது. அந்தப் பையன் பணயம். கூத்தில் கேட்ட அதே வார்த்தை.

தேதி விஷயத்தில் பொறுமை வேண்டும். மனுவில் தேதி இல்லாவிட்டால் அதிகாரிகள் திருப்பி அனுப்புவார்கள், ஆனால் காலண்டர் பார்த்து வாழாதவரிடம் தேதி கேட்டால் பயந்துபோய் ஏதோ ஒன்றைச் சொல்வார், அது அப்புறம் தப்பாகிவிடும். திருவிழாவை வைத்துக் கேளுங்கள். "குடியாத்தம் சிரசுக்கு ரெண்டு நாள் முன்னாடி" என்றால், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி 1, ஆக மே 12 அல்லது 13. ஆடிக் கிருத்திகை, மயிலார், தீபாவளி எல்லாம் இப்படிப் பயன்படும். வருடம் தெரிய, பாலாற்றில் பெரிய வெள்ளம் வந்தது இதற்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள், அது 2021 நவம்பர். வர்தா புயல் 2016 டிசம்பர் 12. லாக்டவுன் எல்லோருக்கும் நினைவிருக்கும். மனுவில், திருவிழாவையும் எழுதி அதற்கு நேரான தேதியையும் எழுதினால், நாளைக்குக் குறுக்கு விசாரணையில் அந்த அக்கா தேதி தெரியாமல் திணறினாலும் கதை இடறாது.

அழுகை வந்தால் ரெக்கார்டரை நிறுத்துங்கள். தண்ணீர் கொடுங்கள். மறுபடி தொடரலாமா என்று அவர் சொல்லட்டும். ஒரே கதையைப் போலீசுக்கு, ஆர்.டி.ஓ.வுக்கு, நிருபருக்கு, நமக்கு என்று ஐந்தாறு தடவை சொல்லவைப்பது ஒரு கொடுமை. ஏற்கெனவே கொடுத்த வாக்குமூலத்தின் நகல் கிடைத்தால் அதைப் படித்துவிட்டுப் போய், விட்டுப்போனதை மட்டும் கேளுங்கள்.

சரிபார்ப்பது

அவரை நம்பவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. எதிர்த்தரப்பு ஒரே ஒரு எண் தப்பாக இருப்பதைக் கண்டுபிடித்தால் கதை முழுக்கப் பொய் என்று சொல்லிவிடும், அந்த அடி அவர் மேல்தான் விழும், உங்கள் மேல் இல்லை. கணவன் மனைவி சொன்னதைத் தனித்தனியாக ஒப்பிடுங்கள். ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை ஆயிரம் கல், அதில் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வேலை, சனிக்கிழமை கையில் கொடுத்தது எவ்வளவு, நோட்டில் கழித்தது எவ்வளவு, எல்லாவற்றையும் எழுதி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு என்ன விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். தொழிலாளர் துறை அந்தத் தொழிலுக்கு அறிவித்திருக்கும் கூலியோடு அதை வைத்துப் பார்த்தால், அந்த ஒரு வரி கதையின் முதுகெலும்பாக நிற்கும். அரசுக் காகிதம் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதிப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். முதலாளி தரப்பு என்ன சொல்கிறது என்பதையும் கேட்டு எழுதுங்கள், ஆள் வெளியே வந்த பிறகு. வழக்குப் பதிவாகும் முன் முதலாளி பெயரை மனுவில் எழுதலாம், பொதுவெளியில் போடாதீர்கள். அவதூறு வழக்கு ஒன்று வந்தால் உங்கள் ஒரு வருடம் அதிலேயே போய்விடும்.

எழுதுவது

தமிழில் நமக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. பாவப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது கை தானாகவே "வறுமையின் கோரப் பிடியில் சிக்கித் தவித்த அபலைப் பெண்" என்று ஓடும். அதில் அந்த அக்கா எங்கேயும் இல்லை. இன்னொன்று, செயப்பாட்டு வினை. "அனுமதி மறுக்கப்பட்டது", "தாக்கப்பட்டார்", "கூலி வழங்கப்படவில்லை". யார் மறுத்தது, யார் அடித்தது, யார் கொடுக்கவில்லை? 'பட்டது' என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் செய்தவன் தப்பித்துப் போகிறான். எழுதி முடித்ததும் 'பட்ட' வருகிற இடங்களைத் தேடிப் பிடித்து, செய்தவரை எழுவாயாகப் போட்டுத் திருப்பி எழுதுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அந்தக் கதையைக் கடைசியில் நான் இப்படி ஆரம்பித்தேன்:

"சேதி வந்தபோது விடியற்காலை மூன்று மணி, அக்கா அச்சில் மண் அடித்துக்கொண்டிருந்தார். அம்மா இறந்துவிட்டார். முதலாளியிடம் கேட்கப் போனார்கள். நீயும் உன் புருஷனும் போகலாம், பையன் இங்கேயே இருக்கட்டும் என்று அவர் சொன்னார். பையனுக்கு ஒன்பது வயது. அவன் அட்வான்ஸ் வாங்கவில்லை."

கடைசி வாக்கியத்தை நான் யோசித்து எழுதவில்லை, அது அக்கா சொன்னது: "அவனா வாங்கினான் அட்வான்சு?" கேள்வியை நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை, பெரும்பாலும் அவர்களே கேட்டிருப்பார்கள். அதைப் பிடித்துக் கதையின் நடுவில் வைப்பதுதான் உங்கள் வேலை.

அவர்கள் பேச்சை அவர்கள் பேசியபடியே எழுதுங்கள். 'இன்னா', 'கீது', 'வந்துக்கினு' எல்லாம் நம்ம ஊர்த் தமிழ், அதை மேடைத் தமிழாக மாற்றினால் குரல் போய்விடும். அதே சமயம் வரிக்கு வரி கொச்சையாக்கினால் படிப்பவர்கள் ஏளனமாகப் பார்ப்பார்கள். முக்கியமான வாக்கியங்களுக்கு மட்டும் போதும். அப்புறம், அவர் செய்ததை எழுதுங்கள், அவருக்கு நடந்ததை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். இந்த அக்கா தம்பியின் போன் நம்பரை அரிசிப் பானைக்கு அடியில் கரியால் எழுதி வைத்திருந்தார். அதனால்தான் அவர்கள் வெளியே வந்தார்கள். அதை விட்டுவிட்டால் யாரோ வந்து காப்பாற்றிய கதையாக மாறிவிடும்.

கேள்வி தப்பாக இருந்தால் பதிலும் தப்பாகவே வரும். இதற்கு 2019 ஆகஸ்டில் நடந்ததைவிட வேறு உதாரணம் வேண்டாம். வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், விபத்தில் இறந்த ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் இருந்த நிலத்துக்காரர்கள், ஆதிக்க சாதியினர், வேலி போட்டு வழி விடவில்லை. அந்த வீடியோ பரவியது, சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஒரு சின்ன வீடியோ இவ்வளவு செய்தது. ஆனால் நிர்வாகம் கொடுத்த தீர்வு என்ன? தலித்துகளுக்குத் தனியாக அரை ஏக்கரில் சுடுகாடு. தனிச் சுடுகாடு கொடுத்தால் அரசே சாதிப் பிரிவினையை ஊக்குவிக்கிற மாதிரி ஆகாதா என்று நீதிபதிகளே கேட்டார்கள். வீடியோவைப் பார்த்த பலர் "ஐயோ, பிணத்தைப் புதைக்கக்கூட இடம் இல்லையே" என்று பகிர்ந்தார்கள். இடம் இருந்தது, வழியைத்தான் விடவில்லை. 'ஏன் இடம் இல்லை' என்பது ஒரு கேள்வி, 'யார் வழியை மறித்தார்கள்' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு அரை ஏக்கர் பதிலாகிவிடும். இரண்டாவதற்கு ஆகாது. ஆகவே எழுதி முடித்ததும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், இதைப் படிக்கும் அதிகாரி எதைக் கொடுத்துத் தப்பிக்க முடியும் என்று. தப்பிக்க வழி இருந்தால் கேள்வியை மாற்றுங்கள்.

சாதியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சிலர் சாதியையே கதையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். ஊரை மறையுங்கள், வயதை மாற்றுங்கள், ஆனால் அந்தக் கொடுமை எந்த வேரில் முளைத்ததோ அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் வறுமைக் கதை. இருளர் குடும்பங்கள் சூளையிலும் மில்லிலும் இத்தனை பேர் இருப்பது தற்செயல் இல்லை. நிலம் இல்லை, சாதிச் சான்று கிடைப்பதே போராட்டம், அட்வான்ஸ் கொடுக்க வேறு யாரும் இல்லை. எழுதலாமா என்று அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர், குழந்தைகள் ஆகியோரின் பெயர், முகம், பள்ளி, தெரு எதுவும் வெளியே வரக் கூடாது. குழந்தைகளுக்குப் போக்சோ சட்டமும் சிறார் நீதிச் சட்டமும், பெரியவர்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவும் இதைக் கண்டிப்பாகச் சொல்கின்றன, மீறினால் தண்டனை உண்டு. முகத்தைக் கறுப்புப் பட்டை போட்டு மறைப்பதைவிடக் கையை, அச்சை, பானையைப் படம் எடுங்கள். போனில் இருப்பிடம் பதிவாவதை நிறுத்திவிட்டு எடுங்கள்.

யார் காதுக்கு எந்தக் கதை

ஒரே கதையை எல்லா இடத்துக்கும் அனுப்பினால் எங்கேயும் சேராது. வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கொடுக்கிற மனு ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும்: யார், எங்கே, எப்போது, எவ்வளவு அட்வான்ஸ், பையனை யார் எத்தனை நாள் நிறுத்தி வைத்தது, எந்தச் சட்டம், என்ன கேட்கிறோம். ரசீது எண்ணை வாங்காமல் வராதீர்கள். கடன் தானாகவே ரத்தாகிவிடும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது, இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பும் கடன் கொடுத்தவர் மேல்தான். இந்த இரண்டையும் மனுவில் எழுதிவிடுங்கள். மீட்கப்பட்டவர்களுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் உடனடி உதவியாக ரூ.30,000 வரை உண்டு, அதற்கு மேல் வரும் மறுவாழ்வுத் தொகை ஆளைப் பொறுத்து 1 லட்சம், 2 லட்சம், 3 லட்சம். இந்த மறுவாழ்வுத் தொகை முழுவதையும் வழக்கில் தண்டனை கிடைப்பதோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதனால் கோர்ட்டில் இந்தக் கதை நிற்பது பணத்துக்கும் முக்கியம்.

தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மாநில ஆணையம் சென்னையில் இருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், கட்டாய உழைப்புக்கு ஆளானவர்கள் எல்லோருக்கும் இலவசம், 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

பத்திரிகைக்கும் இணையத்துக்கும் நீளமான வடிவம். அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, இதைப் படிக்கும் எல்லோருக்கும் அது தெரியும்.

நாம் மறந்துவிடுகிற காது ஒன்று இருக்கிறது. அதே மாதிரி அட்வான்ஸ் வாங்கி வேறு சூளையில் இருக்கிற குடும்பங்கள். அவர்களுக்காக மூன்று நிமிடத்தில் வாட்ஸ்அப் குரல் பதிவாகக் கதையைச் சொல்லுங்கள், வெளியே வந்தவர் சம்மதித்தால் அவர் குரலிலேயே, இல்லாவிட்டால் வேறொருவர் குரலில். அட்வான்ஸ் வாங்கியிருந்தாலும் சாவுக்குப் போகலாம், பிள்ளையைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்று ஒருத்தர் காதில் விழுந்தால் போதும். கூத்து வாத்தியார்களோடு பழக்கம் இருந்தால் இதை ஒரு துண்டுக் காட்சியாக, கட்டியக்காரன் வாயில் போட்டுப் பேச வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு ராத்திரிக் கூத்துக்கு வருகிற கூட்டம் எந்தக் கருத்தரங்குக்கும் வருவதில்லை.

கிராம சபை இன்னொரு இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. ராஜஸ்தானில் 1990-களின் நடுவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் ஊர் ஊராக நடத்திய மக்கள் விசாரணைகளில், அரசு ஆவணங்களைச் சத்தமாக வாசிப்பார்கள். இன்னாருக்கு இத்தனை நாள் கூலி கொடுத்தோம் என்று வாசித்ததும் அந்த ஆளே கூட்டத்திலிருந்து எழுந்து, எனக்கு வரவில்லை என்பார். தகவல் உரிமைச் சட்டத்துக்கு அங்கேதான் விதை விழுந்தது. நம்ம ஊரிலும் அதைச் செய்யலாம்: காகிதத்தை நீங்கள் வாசியுங்கள், கதையை அவர் சொல்லட்டும், கடைசியில் அதைத் தீர்மானமாக எழுத வையுங்கள். எழுதாமல் கலைய விடாதீர்கள்.

வெளியே வந்த பிறகு

பதிவுகளை ஒரே போனில் வைத்திருக்காதீர்கள், பூட்டுப் போட்ட இன்னொரு இடத்தில் நகல் இருக்கட்டும். மனு என்ன ஆயிற்று என்று மாதம் ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருங்கள். கமெண்ட்டில் யாராவது அந்தக் குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்றால் உங்கள் கணக்கு எண்ணைக் கொடுக்காதீர்கள், அவர்களிடம் கேட்டு அவர்கள் கணக்குக்கே போகட்டும். கதை வந்த அன்று ராத்திரி அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள், யாராவது வந்து மிரட்டினார்களா என்று கேளுங்கள். ஒரு வாரம் தினமும் கேளுங்கள்.

அச்சடித்த பிரதி ஒன்றைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் கொடுங்கள். அந்த அக்காவுக்கு ஒரு பிரிண்ட் கொடுத்துவிட்டு வந்தேன், ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அதை எடுத்துக் காட்டினார், மடிப்பு எல்லாம் கிழிந்து நான்கு துண்டாகப் பிரிகிற நிலையில் இருந்தது. எத்தனை பேருக்கோ பிரித்துக் காட்டியிருக்கிறார். "பக்கத்து சூளைல எங்க நாத்தனா குடும்பம் கீது, அவங்களுக்கும் ஒண்ணு வேணும்" என்றார். அடுத்த தடவை பத்து பிரதி எடுத்துப் போனேன்.